இரண்டு ஆட்டங்களில் தேசத்துக்காக ஆடியவர்

திருவண்ணாமலையில் கிரிவலம் செய்கிற அன்பர்கள் செங்கம் சாலையில் வரும்போது ரமணாசிரமத்தின் வாசலில் சற்று நிற்காமல் போவதில்லை. உள்ளே சென்று பழைய ஹாலில் சிறிது நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, மயில்கள் உலாவும் முற்றத்தைத் தாண்டி மறுபடியும் சாலைக்கு வருகிறார்கள். இப்படி வருகிறவர்களில் எத்தனை பேருக்கு ஒரு விஷயம் தெரியுமோ, அறியேன். உலகமெல்லாம் மௌனகுரு என்று போற்றும் ஸ்ரீ ரமண மகரிஷி, மதுரையில் வேங்கடராமன் என்னும் பள்ளிப் பிள்ளையாக இருந்த காலத்தில் புஸ்தகத்தைக் காட்டிலும் விளையாட்டிலேயே அதிகப் பிரியம் கொண்டிருந்தார். கால்பந்து, குஸ்தி, சிலம்பம், நீச்சல் எல்லாவற்றிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. அவர் சேர்ந்த கட்சியே ஜயிக்கும் என்பதனால் தோழர்கள் அவருக்குத் ‘தங்கக்கை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தத் தங்கக்கைப் பையன், தம்மைத் தேட வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, 1896ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29ந் தேதி வீட்டை விட்டுப் புறப்பட்டார். செப்டம்பர் முதல் தேதி அருணாசலத்தை வந்தடைந்தார். அப்புறம் நடந்ததெல்லாம் நேயர்கள் அறிந்த கதை.

அதே 1896ம் வருஷம் ஜூன் மாதம் 16ந் தேதி சென்னைப் பட்டணத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கும் ஒரு தங்கக்கை வாய்த்திருந்தது. பின்னாளில் டென்னிஸ் ஆட்டத்தில் இந்தியாவின் பிரதிநிதியாகவும், கிரிக்கெட் ஆட்டத்தில் இந்தியாவின் பிரதிநிதியாகவும் நின்று, இரண்டிலும் தேசத்தின் பெயரைக் காப்பாற்றிய கோட்டா ராமசாமி என்பவரே அவர். டேவிஸ் கோப்பை டென்னிஸ், டெஸ்ட் கிரிக்கெட் ஆகிய இரண்டிலும் தாய்நாட்டுக்காக ஆடிய இந்தியர் அவர் ஒருவரே. அவரும் ஒரு நாள் வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போனார். ஆனால் பதினாறு வயதில் அல்ல, எண்பத்தொன்பது வயதில். அவர் போன இடம் இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

இப்படிப்பட்ட ஒருவருடைய சரித்திரம் நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆகவே இங்கே சொல்லத் துணிந்தோம்.

மரத்தடிச் சாப்பாடு

ராமசாமியின் தந்தையார் புச்சிபாபு நாயுடு என்று பிரசித்தி பெற்ற மோதவரபு வேங்கட மகிபதி நாயுடு. மயிலாப்பூர் லஸ் பகுதியில் பெரிய பங்களா. செல்வம் கொழிக்கும் குடும்பம். அந்த நாளில் சென்னையில் கிரிக்கெட் என்றால் அது வெள்ளைக்காரர்களின் ஆட்டம். 1846ம் வருஷத்தில் தோன்றிய சென்னைக் கிரிக்கெட் கிளப்பின் சேப்பாக்கம் மைதானத்தில், ஐரோப்பியர்கள் கொட்டகைக்குள்ளே அமர்ந்து விருந்து உண்ணும்போது, அவர்களுடன் ஆட வந்த இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது என்று சொல்லுவார்கள். புச்சிபாபு அதைப் பார்த்து மனம் கொதித்தாராம். ஆனால் அவர் வாயால் சண்டை போடவில்லை. 1888ம் வருஷத்தில் இந்தியர்களுக்கென்று சென்னை யுனைடெட் கிளப் என்னும் ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டையும் பந்தும் தம் கைப்பணத்திலிருந்தே வாங்கிக் கொடுத்து, ஒரு கோஷ்டியைத் தயார் செய்தார்.

“இது அந்நியனுடைய ஆட்டந்தானே? இதிலே நமக்கு என்ன பெருமை?” என்று அந்தக் காலத்திலும் சிலர் கேட்டிருக்கலாம். ஆட்டம் யாருடையதாக இருந்தால் என்ன? அந்த மைதானத்தில் இருபத்திரண்டு கஜ தூரத்துக்கு மட்டும் ஆண்டான், அடிமை என்ற பேதம் கிடையாது. பந்து வெள்ளைக்காரன் கையிலிருந்து வந்தாலும், கறுப்பு மனிதன் கையிலிருந்து வந்தாலும், தவறாக ஆடினால் குச்சி விழத்தான் செய்யும். புச்சிபாபு இதை நன்றாக உணர்ந்திருந்தார். ஐரோப்பியர்களும் இந்தியர்களும் எதிரெதிராக நின்று ஆடும் ராஜதானி மாட்ச் ஒன்றை நடத்த ஏற்பாடு செய்தார். ஆனால் 1908ம் வருஷம், அந்த ஆட்டம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, நாற்பது வயதிலேயே காலஞ்சென்றார். ஆட்டம் நின்றுவிடவில்லை. வருஷந்தோறும் பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் திருவிழாப்போல் அது நடந்து வந்தது. அவர் பெயரால் ஏற்பட்ட பந்தயமும் இன்றுவரை வழங்கி வருகிறது.

தந்தை இறந்தபோது ராமசாமிக்கு வயது பன்னிரண்டு. தாயார் வழியில் பாட்டனார் குடும்பத்துக்குச் சுவீகாரம் போனபடியால் அவர் பெயருக்கு முன்னால் ‘கோட்டா’ என்ற வீட்டுப் பெயர் வந்து சேர்ந்தது. தமையன்மாரான வேங்கடராமானுஜுலுவும் பாலையாவும் நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரர்கள். வீடு மாறினாலும் விளையாட்டு மாறவில்லை. 1915-16ல் நடந்த ராஜதானி மாட்சில், பத்தொன்பது வயது இளைஞரான ராமசாமி இந்தியர் கோஷ்டியில் இடம் பெற்றுவிட்டார். இடது கையால் ஆடுகிறவர். பந்தை அடிப்பதில் தயக்கம் என்பதே அறியாதவர்.

டேவிஸ் கோப்பை

1919ம் வருஷத்தில் ராமசாமி மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்குச் சென்றார். கிரிக்கெட் வீட்டிலே பிறந்தவர், அங்கே பெயர் வாங்கியதோ டென்னிஸில்! சர்வகலாசாலையின் டென்னிஸ் கோஷ்டியில் அவர் இடம் பெற்றார்.

டேவிஸ் கோப்பை என்பது தேசத்துக்குத் தேசம் மோதும் டென்னிஸ் பந்தயம். டுவைட் டேவிஸ் என்ற அமெரிக்க வாலிபர் கொடுத்த வெள்ளிப் பாத்திரத்துக்காக 1900ம் வருஷத்தில் ஆரம்பமானது. முதலில் அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டும் ஆடின; பிறகு மற்ற நாடுகளும் சேர்ந்தன. இந்தியா முதன்முதலாக 1921ல் கலந்து கொண்டது. அந்த முதல் வருஷத்திலேயே பாரிஸ் நகரத்தில் பிரான்ஸ் தேசத்தை நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தது. பிறகு சிக்காகோவில் ஜப்பானிடம் தோற்றது. சுதந்திரம் கிடைப்பதற்கு இருபத்தாறு வருஷங்களுக்கு முன்பே ‘இந்தியா’ என்ற பெயர் பிரான்ஸ், ஜப்பான் என்ற பெயர்களுக்குச் சமமாக அந்தப் பட்டியலில் எழுதப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மறு வருஷம், அதாவது 1922ல், இந்தியக் கோஷ்டியில் கோட்டா ராமசாமி இருந்தார். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ருமேனியாவுக்கு எதிராக ஆட்டம். இரட்டையர் ஆட்டத்தில் டாக்டர் பைஸீ என்பவருடன் ஜோடி சேர்ந்து ஆடினார். இந்தியா வெற்றி பெற்றது. அடுத்தபடியாக ஸ்பெயினுடன் மோதித் தோல்வியுற்றது. அதே வருஷம் விம்பிள்டன் பந்தயத்திலும் ராமசாமி ஆடினார்.

இங்கே திருவண்ணாமலையிலும் 1922ம் வருஷம் முக்கியமானது. அவ்வருஷம் மே மாதத்தில் மகரிஷியின் அன்னை அழகம்மாள் சித்தியடைந்தார். மலையடிவாரத்தில் அவருக்குச் சமாதி அமைந்த இடத்தில்தான், முதலில் ஒரு குடிசையும், பிறகு ஆசிரமமும் எழுந்தன. தங்கக்கைப் பையன் மலையிலிருந்து இறங்கி வந்து நிலைத்த அந்த வருஷத்திலேயே, பட்டணத்துப் பையன் கடல் கடந்த தேசத்தில் முதல் கீர்த்தியை அடைந்தார்.

ஒருவருக்கு இரண்டு ஆட்டம்

ஓர் ஆட்டத்தில் கெட்டிக்காரராவதே கஷ்டம். இரண்டில் எப்படி முடிந்தது என்று நேயர்கள் கேட்கலாம். அந்த நாளில் இது முற்றிலும் இல்லாத அதிசயம் அல்ல. இங்கிலாந்தில் லாட்டி டாட் என்ற பெண்மணி 1887ல், பதினைந்தே வயதில், விம்பிள்டனில் மாதர் பட்டத்தை வென்றாள். மொத்தம் ஐந்து முறை வென்ற பிறகு டென்னிஸ் மட்டையைக் கீழே வைத்தாள். அப்புறம் சும்மா இருந்தாளா? இங்கிலாந்துக்காக ஹாக்கி ஆடினாள். 1904ல் கோல்ப் ஆட்டத்தில் பிரிட்டிஷ் மாதர் பட்டத்தை வென்றாள். 1908ம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயத்தில் வில்வித்தையில் இரண்டாவது பரிசும் பெற்றாள். டென்னிஸிலும் கோல்ப்பிலும் அவளைப்போல் ஒருங்கே சிகரம் தொட்டவர்கள் இன்றுவரை வெகு சிலரே.

நம் தேசத்திலும் ராமசாமியின் காலத்தவர் ஒருவர் இருந்தார். ஹைதராபாத்தைச் சேர்ந்த எஸ். எம். ஹாடி என்பவர் அவர். அவரும் கேம்பிரிட்ஜில் படித்தவர். அவரும் டேவிஸ் கோப்பையில் ஆடியவர். ஹாக்கி, கால்பந்து, போலோ, சதுரங்கம் என்று ஏழு ஆட்டங்களில் கை வைத்தபடியால் ‘வானவில் ஹாடி’ என்று அவரை அழைத்தார்கள். ரஞ்சி கோப்பையில் முதல் சதம் அடித்தவரும் அவரே.

இவர்களெல்லாம் விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். அதில் சம்பளம் இல்லை, மேற்பார்வைக்காரர் இல்லை, காலை முதல் மாலை வரையில் ஒரே ஆட்டத்தில் பிழிந்தெடுக்கும் பயிற்சிக்கூடம் இல்லை. குளிர்காலம் வந்தால் ஓர் ஆட்டம், கோடைக்காலம் வந்தால் வேறோர் ஆட்டம். கண்ணின் கூர்மையும், காலின் லாகவமும், பந்து வரும் வேகத்தை முன்கூட்டியே அளக்கும் புத்தியும் எந்த ஆட்டத்துக்கும் பொதுவானவையே. இப்பொழுதோ ஏழு வயதுக் குழந்தையை ஓர் ஆட்டத்தில் கட்டிப் போட்டுவிட்டு, அடுத்த மைதானத்தை எட்டிப் பார்க்கவும் விடுவதில்லை. இதனால் சாமர்த்தியம் பெருகியிருக்கலாம். சந்தோஷம் பெருகியிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

நாற்பதாவது வயதில்

படிப்பை முடித்துத் திரும்பிய ராமசாமி சென்னை சர்க்காரின் விவசாய இலாகாவில் உத்தியோகம் ஏற்றார். அலுவல் ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம். வருஷங்கள் ஓடின. 1932ல் இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. ராமசாமி அதில் இல்லை. 1933-34ல் இங்கிலாந்துக் கோஷ்டி இந்தியாவுக்கு வந்தபோது நடந்த டெஸ்ட் ஆட்டங்களிலும் அவர் இல்லை. பிரிஸ்டலில் ஆடிப் பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. தலையில் நரை காணும் வயதில், 1936ம் வருஷத்துச் சீமைப் பிரயாணத்துக்கான பட்டியலில் அவர் பெயர் வந்தது.

அந்தப் பிரயாணத்தை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. காப்டன் பதவி விஜயநகரம் மகாராஜகுமாருக்குக் கிடைத்தது, அவருடைய ஆட்டத்துக்காக அல்ல, அந்தஸ்துக்காக என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். 1932ல் கோஷ்டியை நடத்திய மகாவீரர் ஸி. கே. நாயுடு இவருக்குக் கீழே நின்று ஆட வேண்டியிருந்தது. முதல் டெஸ்ட் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, நல்ல ஆட்டத்தில் இருந்த லாலா அமர்நாத்தைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கோஷ்டிக்குள்ளே கட்சி, கட்சிக்குள்ளே கட்சி. லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த முதல் டெஸ்டில் தோல்வி.

இரண்டாவது டெஸ்ட் மாஞ்செஸ்டரில் ஜூலை மாதம் 25ந் தேதி தொடங்கியது. ராமசாமியைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மற்றவர்கள் மட்டையை மூலையில் சார்த்திவிட்டுப் பேரன் பேத்திகளைக் கொஞ்சத் தொடங்கும் வயதில் அவருக்கு முதல் டெஸ்ட்! இந்தியாவுக்காக அதைவிட அதிக வயதில் டெஸ்ட் உலகில் புகுந்தவர் பம்பாயின் ருஸ்தம்ஜி ஜம்ஷட்ஜி ஒருவரே.

இந்தியா முதலில் ஆடி 203 ரன்கள் எடுத்தது. அதில் ராமசாமியின் பங்கு 40. பிறகு இங்கிலாந்து எட்டு விக்கெட்டுக்கு 571 ரன்கள் குவித்தது. ஹாமண்ட் மட்டும் 167. ஆக, 368 ரன்கள் பின்தங்கிய நிலை. தோல்வி நிச்சயம் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதி முடித்திருப்பார்கள். அப்பொழுது விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் இறங்கினார்கள். திங்கட்கிழமை மாலைக்குள் விக்கெட் விழாமல் 190 ரன்கள்! அந்த ஒரே நாளில் இரு கட்சியாருமாக அடித்த 588 ரன்கள் டெஸ்ட் சரித்திரத்திலேயே ஒரு நாளுக்கான உச்சக் கணக்கு. முஷ்டாக் அலி 112, மெர்ச்சண்ட் 114. இதையெல்லாம் நம்மவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அதன் பிறகு நடந்ததைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

203 ரன்களுக்கு முதல் விக்கெட் விழுந்தது. இன்னும் 165 ரன்கள் எடுத்தால்தான் பின்தங்கிய கணக்கே தீரும். இடையில் நாலைந்து பேர் தடதடவென்று சரிந்தால் முதல் இருவரின் உழைப்பும் வீண். அந்த வேளையில் நாற்பது வயது ராமசாமி நிதானமாக நின்று 60 ரன்கள் எடுத்தார். இந்தியா ஐந்து விக்கெட்டுக்கு 390 என்ற கௌரவமான எண்ணிக்கையுடன் ஆட்டத்தை முடித்தது. வெற்றி தோல்வி இல்லை, மானம் பிழைத்தது.

ஆகஸ்டு மாதம் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட். இந்தியா ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ராமசாமி முதல் முறை 29. இரண்டாம் முறை, கடைசி வரையில் ஆட்டமிழக்காமல் 41. இரண்டு டெஸ்ட், நான்கு தடவை மட்டை பிடித்து 170 ரன்கள். சராசரி 56.66. அந்த வருஷத்து டெஸ்ட் ஆட்டங்களில் இந்தியர்களுள் சராசரிக் கணக்கில் முதலிடம் அவருக்கே. சதமடித்த மெர்ச்சண்டின் சராசரிகூட 47தான்.

அடுத்த டெஸ்ட் எப்போது? மகாயுத்தம் குறுக்கிட்டது. இந்தியா மறுபடியும் டெஸ்ட் ஆடியது 1946ல். அப்போது ராமசாமிக்கு ஐம்பது வயது. ஆகவே இரண்டே டெஸ்டுடன் கணக்கு முடிந்தது.

ஆகஸ்டு பதினைந்து

ஓவல் டெஸ்ட் தொடங்கிய தேதி 1936ம் வருஷம் ஆகஸ்டு 15. அதே தினத்தில் பெர்லின் நகரத்தில் ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டம் நடந்தது. தியான் சந்தின் தலைமையில் இந்தியா ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று தோற்கடித்துத் தங்கப் பதக்கம் பெற்றது. ஆட்டத்துக்கு முன்பு, உடை மாற்றும் அறையில், காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து வைத்து வீரர்கள் வணங்கினார்கள் என்று தியான் சந்த் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பதினோரு வருஷங்களுக்குப் பின் அதே தேதியில் தேசம் விடுதலை பெறும் என்று அன்று யாருக்குத் தெரியும்!

அன்றைய தினம் லண்டனில் இருந்த இன்னொரு தமிழ்நாட்டு வீரரின் மனநிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் திருவல்லிக்கேணி எம். ஜே. கோபாலன். செங்கற்பட்டு ஜில்லா மொறப்பாக்கத்தில் 1909ல் பிறந்தவர். 1934ல் கல்கத்தாவில் டெஸ்ட் கிரிக்கெட் ஆடினார். அதே வருஷம் நவம்பர் மாதத்தில் ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் அவரே. 1935ல் தியான் சந்தின் ஹாக்கி கோஷ்டியில் நியூஸீலந்து சென்று வந்தார். 1936ல் இரண்டு வாசல்களும் ஒரே சமயத்தில் திறந்தன. பெர்லினுக்குப் போவதா, இங்கிலாந்துக்குப் போவதா? கிரிக்கெட்டையே தேர்ந்து கொண்டார். இங்கிலாந்தில் அவருக்கு ஒரு டெஸ்டுகூடக் கிடைக்கவில்லை. பெர்லினில் தோழர்கள் தங்கம் பெற்ற அன்று அவர் ஓவல் மைதானத்துக் கோஷ்டியில் இல்லை.

இரண்டு ஆட்டங்களில் வல்லவராயிருப்பது வரம் என்று நினைக்கிறோம். ஒன்றுக்காக மற்றொன்றைத் துறக்க நேர்ந்தால் அது எவ்வளவு பாரமாகிறது! ராமசாமிக்குக் காலம் உதவி செய்தது. டென்னிஸுக்கு ஒரு பருவம், கிரிக்கெட்டுக்கு வேறொரு பருவம் என்று பதினான்கு வருஷ இடைவெளி விட்டது. கோபாலனுக்கோ இரண்டும் ஒரே கோடையில் வந்து நின்றன. ஆயினும் கோபாலன் நெடுநாள் வாழ்ந்து, தொண்ணூற்று நான்காவது வயதில், 2003ல், சென்னையில் காலமானார். சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த கோபாலன் கோப்பைப் பந்தயம் அவர் பெயரை நிலைநிறுத்தியது.

மிச்சக் கதை

ராமசாமி 1942 வரையில் பெரிய ஆட்டங்களில் கலந்து கொண்டார். பிறகு கோஷ்டியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பணியாற்றினார். 1953ல் இந்தியக் கோஷ்டி முதன்முறையாக மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றபோது மானேஜராகச் சென்றவரும் அவரே. அங்கே ஒரு விநோதப் பொருத்தம். எதிர்க் கோஷ்டியில் விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற ரால்ப் லிகால் என்ற டிரினிடாட் இளைஞர் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் ஆடியவராகச் சரித்திரத்தில் இடம் பெற்றார். டெஸ்ட் கிரிக்கெட்டும் டேவிஸ் கோப்பையும் ஆடியவர்கள் என்று கிரிக்கெட் புஸ்தகங்கள் சேர்த்துக் குறிப்பிடும் இரண்டு பெயர்கள் இவர்களுடையவையே. ஒருவர் ஆட்டக்காரராகவும் மற்றவர் மானேஜராகவும் ஒரே தொடரில் சந்தித்திருக்கிறார்கள்!

1966ல் ராமசாமி தம் சுயசரிதையை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ‘ராம்ப்ளிங்ஸ் ஆஃப் எ கேம்ஸ் அடிக்ட்’ என்பது அதன் பெயர். விளையாட்டுக்கு அடிமையான ஒருவனுடைய அலைபாயும் நினைவுகள் என்று பொருள் கொள்ளலாம். வீரன் என்றோ வெற்றியாளன் என்றோ அவர் தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை. விளையாட்டுப் பித்து என்றே சொல்லிக்கொண்டார்.

அப்புறம் 1985ம் வருஷம் அக்டோபர் மாதம் 15ந் தேதி வந்தது. அன்று சென்னையில் தம் இருப்பிடத்தை விட்டு வெளியே சென்ற பெரியவர் திரும்பி வரவில்லை. எண்பத்தொன்பது வயது. அதன் பிறகு அவரைக் கண்டதாக நிச்சயமான செய்தி ஒன்றும் இல்லை. கிரிக்கெட் ஆண்டுப் புஸ்தகங்களில் எல்லா வீரர்களுக்கும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் போடுவார்கள். ராமசாமியின் பெயருக்கு எதிரே, இறந்ததாகக் கருதப்படுகிறவர் என்று போட நேர்ந்தது. மாஞ்செஸ்டரில் அடித்த ஒவ்வொரு ரன்னுக்கும் கணக்கு இருக்கிறது. மனிதர் எங்கே போனார் என்பதற்குக் கணக்கு இல்லை.

அவர் துறவியாய்ப் போய்விட்டார் என்று கற்பனை செய்வது சுலபம். அப்படிச் சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை, ஆகவே சொல்லலாகாது. வேங்கடராமன் புறப்பட்டபோது கடிதம் வைத்துவிட்டுப் போனார். தேட வேண்டாம் என்று சொல்லியும் உறவினர்கள் தேடினார்கள். இரண்டு வருஷத்துக்குள் அவர் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. முதுமையில் போகிறவர்கள் பெரும்பாலும் கடிதம் எழுதி வைப்பதில்லை. சிலருக்குத் தாம் போகிறோம் என்பதே தெரிவதில்லை. பாதை மறந்துவிடுகிறது; வீட்டு எண் மறந்துவிடுகிறது; சில சமயம் சொந்தப் பெயரே மறந்துவிடுகிறது.

ரமணாசிரமத்துக்கு எதிரேயும், கிரிவலப் பாதை நெடுகிலும், மர நிழலில் எத்தனையோ முதியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காவி உடுத்தவர்கள் சிலர். கந்தல் உடுத்தவர்கள் பலர். ஞானத்தைத் தேடி வந்தவர்களும் உண்டு. வழி தப்பி வந்தவர்களும் உண்டு. பௌர்ணமியன்று லட்சக்கணக்கான ஜனங்கள் அவர்களைக் கடந்து போகிறார்கள். ஒரு காசு போடுகிறவர்கள் உண்டு. ஒரு பொட்டலம் சாதம் கொடுக்கிறவர்கள் உண்டு. நின்று பேசுகிறவர்கள் குறைவு. அவர்களில் யார் எந்த ஊரில் என்னவாக இருந்தவர் என்று பார்த்தால் தெரிவதில்லை. பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்திருக்கலாம். மில்லிலே நூல் நூற்றவராக இருந்திருக்கலாம். ஒரு காலத்தில் மைதானத்தில் நின்று ஆயிரம் பேருடைய கைதட்டலை வாங்கியவராகவும் இருந்திருக்கலாம்.

ராமசாமியின் பெயரைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. பாடப் புஸ்தகத்தில் இல்லாவிட்டால் என்ன, வீட்டுத் திண்ணையில் சொல்லலாம். நாற்பது வயதில் ஒருவர் முதன்முதலாகத் தேசத்துக்காக மட்டை பிடித்து, 368 ரன் பின்தங்கிய வேளையில் 60 ரன் எடுத்தார் என்ற செய்தி, முப்பது வயதிலேயே வாழ்க்கை முடிந்துவிட்டதாகப் பெருமூச்சு விடும் நம் வாலிபர்களுக்கு நல்ல மருந்தாகும்.

அத்துடன் இன்னொரு காரியமும் செய்யலாம். அடுத்த முறை கிரிவலம் வரும்போது, வழியோரம் தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம், கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு உடனே நகர்ந்துவிடாமல், “ஐயா, தங்கள் பெயர் என்ன? எந்த ஊர்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம்.